இரண்டு மில்லிமீற்றர்

ஓர்ஸ் ஹில்லில் வீடு காலிசெய்து போனவர்கள்
விலை பேசாமல் தந்த அட்டைப்பெட்டி.
உள்ளே பச்சை எஞ்சின் ஒன்று,
தகரப் பெட்டிகள் நான்கு,
ஒரு துண்டு குறைந்த வட்டத் தண்டவாளம்.
சாவி முறுக்கிவிட்டால் எஞ்சின் ஓடுகிறது,
தனியாக,
சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்ட ஆளைப்போல.
பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.
ஒன்பது கொளுக்கியில் ஐந்து இல்லை.

பெரியகடையில் மஹ்றூஃபின் தூண்டில் கடைக்குப் போனேன்.
ஆகச் சின்ன நம்பரில் ஆறு முள் எடுத்து
நுனியை அரத்தால் தேய்த்தேன்.
வளைத்தபோது ஒவ்வொன்றாய்ப் படக் படக் என்று முறிந்தன.
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
"கழற்றிப் பூட்டுற சாமானெண்டால்
வேற கடை பாருங்க, தங்கச்சி."

யூஜீனியா தைக்கிற இடத்தில் சட்டைக் கொளுக்கி கிடைத்தது.
இரண்டு பெட்டி வரைக்கும் இழுத்தது.
மூன்றாவதைப் பூட்டியதும்
கல்யாண வீட்டுப் பந்தியில்போல வாய் திறந்துவிட்டது.

இங்கிலாந்தில் ஒருவர்
பழைய ரயில்களைக் கழற்றி உறுப்பு உறுப்பாய் விற்கிறார்.
பணம் அனுப்பி, ஏழு கிழமை பார்த்திருந்து,
கொளுக்கியின் விலையைப்போல் மூன்று மடங்கு
சுங்கத்துக்குக் கட்டி
உறையைப் பிரித்தேன்.
அதே கம்பனி. அதே முத்திரை.
பத்து வருசம் பிந்திய வார்ப்பு.
உயரம் இரண்டு மில்லிமீற்றர் கூட.
பழையது கீழே, புதியது மேலே,
மாடிப்படியில் ஒதுங்கிப் போகும் சம்பந்திகள்.

நான் பல் கட்டுகிறவள்.
அன்றைக்கு மேசையில் இருந்தது
சோமதிலக்கவின் கீழ்த்தாடை, வெள்ளைச் சாந்தில் வார்த்தது.
ரயிலில் பெட்டி பூட்டுகிற வேலை அவருக்கு.
நடுச்சாமத்தில் கல்லோயாவில்
வண்டியை இரண்டாய்ப் பிரித்து
பாதியை மட்டக்களப்புக்கும்
பாதியை எங்களுக்கும் அனுப்பியவர்.
அங்கேதான் ஓர் இருட்டில் இரும்பு தட்டி
இரண்டு பல் போனது.

அவருடைய பொய்ப்பல்லுக்குக் கம்பி வளைத்தேன்.
இறுக்கினால் பக்கத்துப் பல் ஆடும்.
தளர்த்தினால் சோற்றோடு வயிற்றுக்குள் போகும்.
குறட்டை வைத்துவிட்டு
மிச்சக் கம்பியைப் பார்த்தேன்.

முதல் கொளுக்கியை ஆசையில் இறுக்கி வளைத்துவிட்டேன்.
வளைவில் ஒரு பெட்டி சரிய
மற்றதெல்லாம் அதன்மேல் சரிந்தன,
எஞ்சின் மல்லாக்கக் கிடந்து
சாவி தீரும்வரை சக்கரம் சுழற்றியது.
திரும்ப வளைத்தேன்,
பல்லுக்கு விடுகிற அதே முடியளவு இடம் விட்டு.
அப்படியே இன்னும் மூன்று.

சனிக்கிழமை சோமதிலக்க வந்தார்.
பல்லைக் கேட்கவில்லை.
மேசைமேல் ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.
"கடைசிப் பெட்டிக்குப் பின்னுக்கு
கொளுக்கி போடல்லையே?"

"பின்னுக்கு வேற பெட்டி இல்லையே."

பொக்கை தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.
"மிஸ், திருக்கோணமலைக்கு அங்கால கடல்.
எஞ்சின் கழண்டு, சுத்திக்கொண்டு வந்து
மற்றப் பக்கத்தில எதைப் பிடிச்சு
ஊரைவிட்டுப் போறது?"

பல்லைப் பூட்டி, கடிக்கச் சொன்னேன்.
கடித்தார். கழற்றச் சொன்னேன்.
கழன்றது.

அவர் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க
கம்பிச் சுருளிலிருந்து
இன்னும் ஒரு விரற்கடை வெட்டினேன்.