குற்றம் என் பெட்டியில் இல்லை

முதல் கீச்சு கேட்டதும்
ஆம்ப்ளிஃபயரிடம் ஓடினேன்.
பதினாறு வருடப் பழக்கம்.
எது ஊளையிட்டாலும் எல்லாத் தலையும்
மைக்செட்டுக்காரன் பக்கம்தான் திரும்பும்.
குமிழைக் குறைத்தேன். நிற்கவில்லை.
இன்னும் குறைத்தேன்.
முழுக்க மூடினேன்.
அப்போதும் கத்திக்கொண்டிருந்தது
கிளீட்டஸின் சாக்ஸஃபோன்,
வேண்டுமென்றே.

ராயபுரம், மாதா கோயில் பின்சந்து, மாடிக்கூடம்.
நூற்றிருபது நாற்காலி கேட்டவன்
எண்பதுக்கு இறங்கியிருந்தான்.
டிக்கெட் ஐம்பது ரூபாய், டீ சமோசா உட்பட.
கல்யாண பேண்டில் அவனை எல்லோருக்கும் தெரியும்.
மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும் நேரம்
தேனாக இழைப்பான்.
அந்தத் தேனை நம்பி வந்திருந்தார்கள்,
பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து.

சுருதி சேர்க்கிறான் போல, என்றார் ஒருவர்.
"இருபது நிமிசமாவா?
சேர்ந்ததும் சொல்லி அனுப்பு"
என்று இன்னொருவர் செருப்பைத் தேடினார்.
டிரம்ஸில் இருந்த இன்பராஜ்
தாளத்தை எங்கோ வைத்து மறந்தவன் போல
ஒவ்வொன்றாய்த் தட்டித் தேடினான்.
பேஸ் வாசித்த பெண்
கண்ணைத் திறக்கவேயில்லை.

மீன் ஏலம் விடும் பிலோமினா
முன்வரிசையில் மோவாயில் கை வைத்து
அசையாமல் இருந்தாள்.
"வெடிகாலைல காசிமேட்டுக்கு வந்து பாரு.
நாப்பது பேரு ஒண்ணா கத்துவோம்.
உனக்குத்தான் அது கூச்சலு.
எனக்கு வஞ்சிரம் இன்னா வெலைன்னு கேக்கும்."
"அங்க வெல முடியுதில்ல?
இவன் எங்க முடிக்கிறான்?"
அதற்கு அவளிடம் பதில் இல்லை.

சூசைநாதன் எழுந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
கிளீட்டஸின் தங்கையைக் கட்டியவர்.
வீட்டுக்குள் நடந்த எதையோ
ஊருக்கு முன்னால் வாசிக்கிறான் என்பது போல
முகம் கறுத்திருந்தது.
போகிற போக்கில் ஓர் உதை.
இரும்பு நாற்காலி மடங்கி
சிமெண்ட் தரையில் விழுந்தது
படார் என்று.

அந்தப் படாரை
இன்பராஜ் எடுத்துக்கொண்டான்.
பெரிய டிரம்மில் ஒருமுறை வைத்துப் பார்த்தான்.
பித்தளைத் தட்டில் ஒருமுறை.
பேஸ்காரி கண்ணைத் திறந்தாள்.
கிளீட்டஸ் அதன் மடிப்புக்குள்
மூச்சை நுழைத்துப் பிரித்தான்.
மீண்டும் மீண்டும் விழுந்தது நாற்காலி,
மெதுவாக, தலைகீழாக,
விழாமலேயே ஒருமுறை.
நாற்பத்துமூன்றாம் நம்பர். என்னுடையது.
கால் வளைந்துவிட்டிருந்தது.

சூசைநாதன் படியில் ஒரு காலும்
கூடத்தில் ஒரு காலுமாக நின்றார்.
"என்னைக் கேலி பண்றானா?"
தெரியலண்ணே, என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.
கடைசிவரை அப்படியே நின்றார்,
கைதட்டவும் இல்லை,
இறங்கவும் இல்லை.

முடிந்தபோது இருபத்தாறு பேர்.
கீழே டீக்கடை வாசலில்
பத்தரை மணிவரை சண்டை.
காசைத் திருப்பிக் கேட்டார்கள் சிலர்.
கல்லூரிப் பையன் ஒருவன் அழுதிருந்தான்,
ஏன் என்று கேட்டதற்குக் கோபப்பட்டான்.
சூசைநாதனும் மனைவியும்
ஒரே ஸ்கூட்டரில்
பேசாமல் போனார்கள்.
எனக்கு வாடகை பாதிதான் வந்தது.
வளைந்த காலுக்கு எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்துக்
கல்மண்டபத்தில் ஒரு கருமாதி.
கட்சிக்காரர் ஒருவர் இரங்கல் பேச
பெட்டிக்கு நெருக்கமாக மைக்கைக் கொண்டுபோனார்.
வீலென்றது.
எல்லாத் தலையும் திரும்பியது.
"டேய், மைக்செட்டு!"

குமிழ்மேல்தான் இருந்தது கை.
நம்புங்கள், அங்கேயேதான் இருந்தது.
அந்தச் சத்தம் எங்கே போகப் பார்க்கிறது என்று
ஒரு விநாடி
விட்டுவிட்டேன்.