கண்ணால் காண்கிற வினைச்சொல்

"மாணவர் சாய்வைப் புரிந்துகொள்வார்"
என்று எழுதியிருந்தேன்.
கிளாடிஸ் பாரியா சிவப்பில் அடித்தாள்.
புரிதலை யார் கண்டது நெல்டா,
கண்ணால் காண்கிற வினைச்சொல் கொடு.
கொடுத்தேன்:
வரைவார். கணக்கிடுவார். ஒப்பிடுவார்.

கொய்ஹைக்கேயில் ஜூன் மாதம்.
ஐந்து மணிக்கே இருட்டு,
விறகடுப்புப் புகை எழ மனமில்லாமல்
தெருவிலேயே படுத்துக்கிடக்கிறது.
நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் கட்டுகிறேன்.
ஆறு நிமிடக் காணொளி, இரண்டு கேள்வி,
தவறினால் ஒரு குறிப்பு,
மறுபடி தவறினால் இன்னொன்று.
மூன்றாம் முறையும் தவறுகிறவனுக்கு
ஓர் அம்புக்குறி மட்டும் வரைந்து
முனையை வெற்றுத்தாளில் விட்டிருக்கிறேன்.

எடுத்துக்காட்டு, மலைச்சாலையில் ஏறும் வண்டி.
மைத்துனன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து
கைபேசியில் நானே எடுத்தது.
எவ்வளவு ஏறினோம், எவ்வளவு முன்னே போனோம்,
முதலாவதை இரண்டாவதால் வகு.
கார் தெரியாத பிள்ளை உண்டா?

வாரம் கழித்து வந்த கணக்கில்
இருநூற்றுப் பதினோரு பேர் தாண்டிப்போன இடத்தில்
ஒருவன் நிற்கிறான்.
யெர்கோ சோட்டோமாயோர், கலேத்தா நியெப்லா.
நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் விநாடி.
திங்களன்று நிறுத்தினான்.
செவ்வாயும்.
புதன்கிழமை ஒன்பது தடவை.

மண்டையில் ஏறவில்லை, பாவம், என்று
தேசப்படத்தில் அவன் ஊரைத் தேடினேன்.
அங்கே தெருவே கிடையாது.
சைப்ரஸ் பலகைப் பாதைகள், படிக்கட்டுகள்,
அடியில் பச்சைத் தண்ணீர்.
பள்ளிக்கூடத்துக்குப் படி, ரொட்டி வாங்கப் படி.
ஒரு டயர்கூட உருளாத ஊருக்கு
கார் அனுப்பியிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கினால் எனக்கு வேலை ஓடும்.
இரண்டே இரவில் காரை வெட்டி எறிந்துவிட்டுப்
படிக்கட்டு வரைந்தேன்.
உயரம் பதினெட்டு, அகலம் முப்பது.
கைப்பிடியில் மழை ஈரம்கூடப் பூசினேன்.
கிளாடிஸ் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்
மாத்தே குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.
அவளிடம் அதைவிடப் பெரிய விருது இல்லை.

வெள்ளிக்கிழமை
செயற்கைக்கோள் வாய் திறந்த பொழுதில்
அவனிடமிருந்து வந்தது:

ஆசிரியைக்கு,
படி வேண்டாம். நாள் முழுக்கப் படியில்தான் இருக்கிறேன்,
எரிவாயு உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு.
காரைத் திரும்பப் போடுங்கள்.
அந்த வளைவு தாண்டியதும்
கண்ணாடி வழியே சாலை நீளமாகத் தெரியும்,
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்னொன்று. இரண்டாம் கேள்விக்கு
நீங்கள் வைத்திருக்கும் விடை தப்பு.
ஏழு மீட்டர் ஏற இருபத்தைந்து மீட்டர் சாலை என்றால்
அடியில் தரை இருபத்துநான்குதான்.
நீங்கள் சாலையால் வகுத்துவிட்டீர்கள்.
சரிவில் போடுகிற பலகையை
அப்பா எப்போதும் கொஞ்சம் நீளமாகத்தான் அறுப்பார்.

தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்துநான்கு.
நான் சொன்னபடியே வகுத்து
இருநூற்றுப் பதினோரு பேரும்
பச்சைக் குறி வாங்கியிருந்தார்கள்.
வரைந்தார்கள், கணக்கிட்டார்கள், ஒப்பிட்டார்கள்.

விடையைத் திருத்தினேன். காரை மீட்டேன்.
பன்னிரண்டாம் விநாடியில்
இன்னும் எட்டு விநாடி சேர்த்தேன்.
குரல் இல்லை, கேள்வி இல்லை,
வண்டி போகிறது, சாலை வருகிறது.
பதிவேட்டில் அதற்கும் ஒரு நோக்கம் எழுதியாக வேண்டும்.
கட்டம் நிரம்பாமல் பக்கம் நகராது.

"மாணவர் பார்ப்பார்" என்று எழுதினேன்.

கிளாடிஸ் இன்னும் அடிக்கவில்லை.
இருநூற்றுப் பதினோரு மன்னிப்புக் கடிதம் பாக்கி.
அடுப்பு வேறு அணைந்துகொண்டிருக்கிறது.