திருத்தக் குறிப்பு

கோப்பு இலக்கம் இருநூற்றுப் பதினேழு.
முறைப்பாட்டாளர் துரைசிங்கம் நாகபூசணி, விசுவமடு.
தொழில்: கச்சான் செய்கை,
ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.
முறைப்பாடு: கட்டி முடித்த கடனைக் கட்டவில்லையென்று
கொழும்பில் ஒரு திரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்ப் பம்பிக்குத்தான் வங்கியில் கேட்டிருக்கிறார்.
முதல் தரம், "உங்கட பேரில ஒரு சிவப்பு நிக்குதம்மா."
இரண்டாம் தரம், "இன்னும் நிக்குது."
மூன்றாம் தரம்
கதிரையைக் கூடக் காட்டவில்லையாம்.

விசாரணைக்குப் போனவன் நான்.
கிலோமீற்றருக்கு இவ்வளவென்று படி உண்டு,
தர்மபுரத்தில் ரயர் காத்துப் போனதற்குக் கிடையாது.
வெயிலில் உருட்டிக்கொண்டு போனது அரசாங்கம்
என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிஸ்கற் பேணியைத் திறந்து
அட்டையை எடுத்து வைத்தார்.
ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள்,
ஐம்பத்திரண்டு கையெழுத்து.
கார்த்திகை மாதத்து ஒன்று மட்டும்
வெளிறிப்போய், சாய்ந்து, ஈயநிறத்தில்.
"அண்டைக்கு மழை. வந்த பெடியன்ர பேனை எழுதேல்லை.
மகளின்ர பென்சிலைக் குடுத்தனான்.
காசை எண்ணித்தான் வாங்கினவன், சேர்.
ரெண்டு தரம் எண்ணினவன்."

நிறுவனத்தின் கணக்கில் ஐம்பத்தொன்று.
விடுபட்ட அந்தக் கிழமை
வட்டி போட்டு, வட்டிக்குத் தண்டம் போட்டு,
நாலு வருசமாய் ஆளில்லாத வீட்டில்
பல்லிபோல் பெருகியிருந்தது.

முகாமையாளர் வினோதராஜ் குளிரறைக்குள் இருந்தார்.
"சிஸ்டம் காட்டுது, நாங்கள் என்ன செய்ய?"
அட்டையை விரல் நுனியால் தள்ளினார்.
"பென்சிலை ஆரும் அழிச்சு எழுதலாம் தானே."
"உங்கட சிஸ்டத்தையும்" என்றேன்.
தேநீர் வரவில்லை.

பிறகு சட்டம் நடந்தது.
அது நடப்பது கடிதத்தால்.
முதற் கடிதத்துக்குப் பதினான்கு நாள், மறுமொழி இல்லை.
இரண்டாவதற்கு, உரிய அலுவலர் லீவில்.
பிரதி அனுப்பியதைச் சொல்ல ஒரு கடிதம்,
அந்தக் கடிதம் கிடைத்ததா என்று இன்னொன்று.
மூன்றாவது நினைவூட்டலில்
பிரிவு இலக்கம் போட்டு
உரிமம் என்ற ஒரு சொல்லையும் எழுதினேன்.
மறுமொழி அன்று பின்னேரமே வந்தது,
அன்புடையீர் என்று தொடங்கி.

கச்சான் பிடுங்குகிற நாளில் திரும்பப் போனேன்.
மண்ணோடு கொடிகள் குப்பை குப்பையாய்.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
புது அறிக்கையை வாங்கி
மேலிருந்து கீழே ஒருதரம்
கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தார்.

"எங்க அது?"
"எது அம்மா?"
"அந்தச் சிவப்பு."
"எடுத்தாச்சு. இனி ஒண்டும் இல்லை."
"எடுத்ததெண்டு எங்கயும் போட்டிருக்கே?"
"இல்லை. அந்த வரியே இல்லை."

நான் சிரிப்பை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.
அவர் தாளைத் திருப்பி
வெறும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப நாலு வருசம் அவையள் சொன்னது?
நான் கதிரை இல்லாமல் நிண்டது?
அழிச்சால் காணாது, சேர்.
தாங்கள் விட்ட பிழையெண்டு எழுதச் சொல்லுங்கோ."

அதற்கு ஒரு நிரல் படிவத்தில் இல்லை.
அவருக்கு அதைச் சொன்னேன்.
தலையை ஆட்டினார்.
தெரிந்த செய்தியைக் கேட்பவர் போல.
ஒரு பை நிறையப் பச்சைக் கச்சான் தந்தார்.
வாங்கக்கூடாது, விதி.
வாங்கவில்லை.
வீதி நெடுக அதன் மண்வாசம் கூட வந்தது.

பம்பி வந்ததா என்று தெரியாது.
அது எங்கள் பிரிவின் வேலை அல்ல.
மாத அறிக்கையில் கோப்பு இருநூற்றுப் பதினேழு
தீர்க்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ், ஒரு எண்.

மூடிய கோப்பில் எதுவும் எழுதக்கூடாது.
எல்லோரும் போன பிறகு எடுத்து
கடைசித் தாளின் ஓரத்தில்
பிழை நிறுவனத்துடையது என்று எழுதினேன்.
பென்சிலால்.