நீலத் தண்ணீர்

மத்ரா சூக்கில் அத்தர் விற்கிறேன்.
வாங்க வருபவர் மணிக்கட்டை நீட்டும்போது
என் மூச்சு முந்திக்கொள்ளக் கூடாது.
அதனால் நாளுக்கு ஆறு தடவை
அந்த நீலத் தண்ணீர்.
முப்பது நொடி கொப்பளிக்க வேண்டும். எரியும்.
எரிந்தால்தான் சுத்தம் என்றிருந்தேன்.

நாக்கில் வெள்ளை பூத்தது.
சோறும் சுலைமானியும் ஒரே ருசி.
நாற்றம் மட்டும் போகவில்லை,
விசா முடிந்தும் ஊர் போகாத ஆள் மாதிரி.

ருவியில் பல் டாக்டர் ஜெனோவா
கன்னத்தை ஒதுக்கிப் பார்த்துவிட்டு,
"குடியிருந்த எல்லாரையும் காலி பண்ணிட்டீங்களா?" என்றார்.
வாய்க்குள் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகளாம்.
காவல் காப்பவையும் அதில் உண்டாம்.
இடம் காலியானால்
முதலில் வந்து அமர்வது நல்லதுகள் இல்லையாம்.

எனக்கு ஹம்ரியா அறைதான் ஞாபகம் வந்தது.
எட்டுப் பேர். குறட்டை, மத்திக் குழம்பு,
முகத்தில் உரசும் யாருடையதோ ஈர லுங்கி.
போன கோடையில் கம்பெனி ஐந்து பேரை அனுப்பியது.
அப்பாடா என்றேன், வாய்விட்டு.
அடுத்த வாரம் செல்லதுரை கட்டிலில் படுத்தவன்
என் அரிசியைத் தின்றான்,
போகும்போது போனையும் எடுத்துப்போனான்.

பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்தேன்.
சிங்க் நன்றாக மணந்தது.

இப்போது மெல்லிய பிரஷ், நிறையத் தண்ணீர்,
சர்க்கரை போடாத தேநீர்,
ராத்திரி ஒரு டப்பா லபன்.
இருபத்திரண்டு நாள் ஆகிறது.
ஏசி காற்றில் வாய் காயும்போது
கை தானாக நீலத்தைத் தேடும். விடுவேன்.

இன்று காலை கஹ்வாவில்
ஏலக்காய் தட்டுப்பட்டது.
யாரோ ஒருவர் திரும்பி வந்திருக்கிறார்.
வாயைத் திறந்து விசாரிக்கவில்லை.
மூடிக்கொண்டு
மெதுவாக எச்சில் விழுங்கினேன்.