ஈரத்தில் கொஞ்சம் யோசிக்கும்

டானிங்டனுக்குக் கீழே, வெல்டிங் பட்டறையை ஒட்டி
போஜனின் டயர் கடை.
ஆனி மழை விட்டு அரைமணி.
நடு ஸ்டாண்டில் நிற்கிறது வண்டி,
பின்சக்கரம் இல்லாமல்,
கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த ஆள் மாதிரி.

கழற்றிய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
கட்டைவிரலால் நடுவைத் தடவுகிறார்.
“நடுவுல சப்பையாயிருச்சு. நாலுவழிச் சாலையாவே ஓட்டிருக்கீங்க.
கிருஷ்ணகிரி, பெங்களூரு, அந்தப் பக்கம்?”
அந்தப் பக்கம்தான். அதற்கப்பாலும். ஹம்பி, கோலாப்பூர்.
“ஓரம் ரெண்டும் புதுசாட்டம் இருக்கு.
வளைவுல வண்டியச் சாய்க்கவே மாட்டீங்க போல.”

இருபத்திரண்டு வருடம்
கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்தவள் நான்.
வவுச்சர் இல்லாத செலவை வாசனையில் பிடிப்பேன்.
செயலாளர்கள் எனக்கு வடை வாங்கிவைத்துவிட்டு வியர்ப்பார்கள்.
இன்று என் பதினாலாயிரம் கிலோமீட்டரை
ஒருவர் விரலால் வாசித்துவிட்டார்.
கோத்தகிரிக் குளிரில் எனக்கு வியர்க்கிறது.

அமல்தாஸ் இரண்டு டயர்களை உருட்டி வருகிறான்.
ஒன்று கெட்டி ரப்பர், ஏழாயிரத்து இருநூறு.
பதினெட்டாயிரம் ஓடும்.
“ஈரத்துல மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.”
மற்றது மெது ரப்பர், எட்டாயிரத்து நானூறு.
பத்தாயிரத்தில் கையை விரித்துவிடும்,
அதுவரை ரோட்டை விடாது,
“கடன் குடுத்தவன் மாதிரி.”

கால்குலேட்டர் வேண்டாம் எனக்கு.
கிலோமீட்டருக்கு நாற்பது பைசா.
கிலோமீட்டருக்கு எண்பத்து நான்கு.
வித்தியாசம் நாற்பத்து நான்கு பைசா,
கொடுக்க நினைத்தாலும்
யார் கையிலும் எண்ணி வைக்க முடியாத தொகை.

கெட்டி டயரின் பக்கவாட்டில் தேதி தேடுகிறேன்.
நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்.
மூன்று வருடச் சரக்கு.
“ஐநூறு கொறச்சுக்கலாம்” என்கிறார், நான் வாய் திறக்குமுன்.
மனசு உடனே மறுபடி வகுக்கிறது: முப்பத்தேழு.
சே.

“இன்னும் ரெண்டாயிரம் ஓடுமேக்கா, ஏன் இப்பவே?”
அமல்தாஸுக்குப் பதில் சொல்கிறேன்: தேய்ஞ்சிருச்சுப்பா.

சொல்லாதது:
போன செவ்வாய், அரவேணு தாண்டி,
சில்வர் ஓக் இலைகள் நனைந்து தாரோடு ஒட்டிக் கிடந்தன.
பின்சக்கரம் ஒரு சாண் விலகியது.
ஒரே ஒரு சாண்.
பிறகு திரும்பி வந்தது,
கையாடிவிட்டு வந்து சீட்டில் உட்காரும் குமாஸ்தாவைப் போல
முகத்தில் ஒன்றுமில்லாமல்.
எதிரே பஸ் இல்லை. பார்த்தவர் இல்லை.
எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த ஒரு சாண்
இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

“மெதுசையே போடுங்க.”

“பழச எடுத்துட்டுப் போறீங்களா?”
எதற்கு?
கடைக்குப் பின்னால் மேடு, போன ஐப்பசியில் சரிந்தது.
டயர்களுக்குள் மண் நிரப்பி
ஏழு வரிசை அடுக்கியிருக்கிறார்.
ஒவ்வொன்றிலும் புதினா.
கோலாப்பூர் வரை போய்வந்தது
எட்டாம் வரிசையில் முதலாவதாகப் படுத்தது.
அமல்தாஸ் அதன்மேல் டீ கிளாஸை வைத்தான்.

“நூறு கிலோமீட்டர் வரைக்கும் நம்பாதீங்க.
மேல மெழுகு இருக்கும்.”
நூறா?
மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்றுதான்.
இருக்கிற வளைவெல்லாம் அதற்குள்தான்.

இறங்குகிறேன்.
பஸ் முந்துகிறது. கேரட் லாரி முந்துகிறது.
பின்னால் கோழிக்கூடை கட்டிய ஒரு மொபெட்,
அதுவும்.

குஞ்சப்பனையில், பலாப்பழக் கடை முன்
நிறுத்திக் குனிகிறேன்.
புது டயரின் ரப்பர் முடிகள்
நடுவில் உதிர்ந்துவிட்டன.
இடது ஓரத்தில் அப்படியே, குத்திட்டு, வரிசையாக.
வலது ஓரத்தில் நாலோ ஐந்தோ
மடங்கியிருக்கின்றன.

மறுபடி எண்ணுகிறேன்.
ஐந்து.