மேல்கோடு, கீழ்க்கோடு

நைட் டியூட்டி முடிந்து வந்து
குளிக்கும் முன்பே பானெட்டைத் திறந்தேன்.
குளித்துவிட்டுத் திறந்தால் இன்னொரு குளியல்.
சந்தனமாரி டீச்சர் விற்ற ஆல்ட்டோ இது.
வாங்கி ஏழு மாதம்; இந்தப் பக்கம்
ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.
நாளைக்கு ஆஃப்.
பேச்சித்தாய், ஜெசிந்தா, ஆறுமுகவடிவு, நான்,
நாலு பேரும் காரையாறு போவதாகப் பேச்சு.
ஏற எஞ்சின் போதும்.
இறங்கத்தான் யோசனை.

எங்கள் வாசல் சரிவு.
சரிவில் கோடு பொய் சொல்லும்.
சாந்தி நகர் ரேஷன் கடை முன்னால்
சிமெண்டுத் தரையில் கொண்டு நிறுத்தினேன்.
கடை திறக்க நேரமிருந்தது.
ஆளுக்குப் பதில் பைகளும் ஒரு செங்கல்லும்
வரிசையில் உட்கார்ந்திருந்தன.

எஞ்சினுக்குப் பின்னால், ஸ்டியரிங் பக்கம்,
பால் நிறத்தில் சின்ன டப்பா.
மூடியைத் துடைத்தேன்,
ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற
அதே சுற்று, உள்ளிருந்து வெளியே.
திறக்கவில்லை.
திறந்தால் காற்றில் உள்ள ஈரத்தைக்
குடித்துவிடுமாம் இந்த எண்ணெய்.
மேற்கே சாரல் பிடித்திருக்கிற ஆனி மாதம்,
பாளையங்கோட்டை வெயிலிலேயே ஒரு நனைவு.
அதற்கு அது போதும்.

டார்ச்சை டப்பாவுக்குப் பின்னால் பிடித்தேன்.
நிறம்:
ஆண்கள் வார்டில் தண்ணீர் குடிக்க மறுப்பவர்களின்
மூத்திரப் பையில் விடியற்காலம் பார்ப்பது.
அளவு:
கீழ்க்கோட்டுக்கு ஒரு நெல் மேலே.

விற்கையில் டீச்சர் அனுப்பிய போட்டோவில்
மேல்கோட்டில் நின்றதே, எங்கே போயிற்று?
சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தேன்.
நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் விரல் விட்டேன்.
புழுதி. புழுதி. புழுதி. ஒரு ஆட்டுப் புழுக்கை.
சொட்டு ஈரமில்லை.
உள்ளே போனதும் வெளியே வந்ததும்
கூட்டினால் ஒத்துவராத சார்ட்டோடு
ரவுண்ட்ஸில் நிற்கிற மாதிரி நின்றேன்.

டிக்கியில் பாதி பாட்டில் கிடந்தது,
டீச்சர் விட்டுப்போனது. எப்போது திறந்ததோ.
ஊற்றினால் மேல்கோடு. ஊற்றினால் காரையாறு.

மேலப்பாளையம் பீருக்குப் போன் போட்டேன்.
ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான்.
போன வருஷம் குடல்வால் அறுத்து
எங்கள் வார்டில் கிடந்தவன், தையல் பிரிக்கையில்
மூன்று வார்டுக்குக் கேட்க அலறியவன்.

“ஊத்திராதிய சிஸ்டர்.
கசிவு இல்லல்லா? பெடல் கீழ போவலல்லா?
அப்பம் பேடு தேஞ்சிருக்கு.
அது தேயத் தேய இது எறங்கும்.
தேஞ்ச எடத்த நெரப்பப் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல.
இப்பம் ஊத்திட்டியன்னா
தேஞ்சது ஒங்களுக்குத் தெரியவே செய்யாது.”
“பாதி பாட்டில் இருக்கே?”
“அதத் தொடாதிய.
பெயிண்ட்ல பட்டா தோல உரிச்சிரும்.”

பானெட்டுக் கம்பியைப் பிடித்தபடி
கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.
வள்ளியூரில் தம்பி கடை.
மாசாமாசம் சம்பளம் வந்த அன்றைக்கே
கீழ்க்கோட்டைத் தொட்டுவிடுவான்.
நான் மேல்கோடு வரைக்கும் ஊற்றுவேன்.
எது தேயுது என்று
ஒருதரமும் கேட்டதில்லை.
பிரேக் பார்க்க வந்த இடத்தில்
இது எதற்கு, தெரியவில்லை.

அதற்குள் கடை திறந்துவிட்டது.
செங்கல்லைக் கையில் எடுத்த அக்கா கேட்டாள்:
“இந்தக் காரு யாருக்குப் பின்னால?”

பெண்களுக்கு மெசேஜ் போட்டேன்,
காரையாறு அடுத்த ஆஃபுக்கு.
ஜெசிந்தா அழுகிற முகம் ஒன்று அனுப்பினாள்.
இரண்டாவது கியரிலேயே
மேலப்பாளையம் பார்த்து ஓட்டினேன்.
பின்னால் மினி பஸ்காரன் ஹாரனில் கையை எடுக்கவில்லை.

குலவணிகர்புரம் கேட் அடைத்திருந்தது.
மிதித்தேன்.
நின்றது.
ரயில் வந்து, போய்,
கேட் தூக்குகிற வரைக்கும்
காலை எடுக்கவில்லை.