குடைக்கரடி

கஜா புயலில் விழுந்த கம்பங்களில்
மாலிம் வீட்டு ஆன்டெனாக் கம்பமும் ஒன்று.
நிவாரணப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மேற்கே திருப்பினால் கொடைக்கானல்.
புள்ளிமழைக்குள் நின்று
ஒருவர் உரம் பற்றிப் பேசுவார்.
தெற்கே திருப்பினால் இலங்கை,
துடைத்துவைத்த மாதிரி.
தோப்புத்துறையில் அன்றிருந்த நாலு டிவிக்கும்
தெற்குதான் திசை.
சபுராளி வீடு.
உப்பளத்துக் காலைக் கழுவிக்கொண்டுதான்
உள்ளே போக வேண்டும்.
அண்ணன் வேதரத்தினம் மாடியில்,
கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி.
"தெரியுதா?"
"தலை தெரியுது."
"இப்ப?"
"ரெண்டு தலை தெரியுது."
பாதிப் படத்தை என் வாயால் பார்த்தவன் அவன்.

ஐந்தரைக்கு வரும் அந்தக் கரடி.
துணிப்பொம்மை. வெயிலிலும் குடை.
கூடவே ஒரு முயல்.
பெயர் என்னவோ திரையில் ஓடியது, ஜிலேபி எழுத்தில்.
நாங்கள் குடைக்கரடி என்று வைத்தோம்.
முயல் பேச்சுக்குப் பேச்சு மம, மம என்றது.
மாமாவைத்தான் கூப்பிடுது, நாக்கு குட்டை, என்றான் அண்ணன்.
ஆக, கரடி தாய்மாமன்.
மிச்சக் கதையை நாங்களே கட்டிக்கொண்டோம்:
சீர் கொண்டுவராமல்
குடையை மட்டும் கொண்டுவந்த மாமன்.
முயலின் அம்மா ஒருநாளும் திரைக்கு வராததற்கு
அந்தக் கோபம்தான் காரணம்.

முடிகிற நேரம் கரடி கிட்டே வரும்,
கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவு.
குடையை மடக்கிவிட்டு
எங்களைப் பார்த்து
சுத்தத் தமிழில் கேட்கும்:
என்ன?
என்ன?
சொல்வோம்.
கணக்கில் முப்பத்தொன்று.
அப்பாவுக்குக் காலில் உப்புப்புண் ஆறவில்லை.
படகில் வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள்,
அதனால் லீவு.
எல்லாவற்றுக்கும் கரடி ஒரே ஆட்டாகத் தலையை ஆட்டும்.

அறுந்த ஹவாய் செருப்பின் குதிகாலில்
அண்ணன் ஒரு கரடி வெட்டிக் கொடுத்தான்.
நீலக் கரடி. குடைக்கு ஈர்க்குச்சியும் பீடிக்கட்டுத் தாளும்.
ஒன்பதாவது வரை என் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்தது,
காம்பஸ் குத்திக் குத்தி அம்மைத்தழும்போடு.

ஒரு சாயங்காலம் தெற்கில் படம் இல்லை.
அண்ணன் கம்பத்தை முழுச்சுற்று சுற்றினான்.
கோபுரம் போயிடுச்சாம், என்றார் மாலிம்.
எந்தக் கோபுரம், யாரால் என்று
கேட்கத் தெரியாத வயது.
அதன்பின் உரம் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

திருத்துறைப்பூண்டி ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன்,
மன்னார்குடி சம்பந்தி வீட்டில்.
அவர்களுக்கெல்லாம் வேறு ஞாயிற்றுக்கிழமைகள்.
கனவு கண்டிருப்பே என்றார்கள்.
கூகுளில் தேடினால் குடை விற்கிறார்கள்.

போன மாதம், இரவு ஒன்றேகால்,
தோஹாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ்.
அண்ணன் குரல் இல்லை.
யாரோ முனகும் ஒரு மெட்டு.
மெத்தையில் படுத்திருந்த எனக்கு
மாலிம் வீட்டுச் சிமெண்டுத் தரை சில்லிட்டது.
பிறகுதான் அவன்:
"சுனெத்து. நம்ம ரூம்தான், காலிப் பக்கம்.
அது கரடியே இல்லையாம்டி. நாயாம்.
முடி வெட்டாத நாய்.
மமன்னா நான்னு அர்த்தமாம்.
அந்த முயலு சும்மா நான் நான்னு பீத்தியிருக்கு.
அப்புறம்..."
இருமினான். ஏசி இரைந்தது.
"என்னன்னு கேக்கும்ல, அது கேக்கலையாம்.
அவங்க பாஷையில வான்னு அர்த்தமாம்.
வா, வான்னு கூப்பிட்டிருக்கு.
நாம உக்காந்து மார்க்கு சொல்லியிருக்கோம்."

நாய் கதையை நான் ஒத்துக்கொள்ளவில்லை.
மாமனையும் விட்டுத்தருவதாக இல்லை.

அண்ணன் ஊர்ப்பக்கம் வந்து ஆறு வருஷம்.
விசா, கடன், அண்ணி வீட்டுத் தகராறு,
ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று.
மைக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே யாரோ கிளம்பாத பைக்கை
உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
ஒரே ஒரு சொல் சொன்னேன்.
என்ன.
எந்தப் பாஷையில் கேட்டுக்கொள்வானோ, அவன் பாடு.

ரெண்டு டிக் விழுந்தது.
கொஞ்ச நேரம் சாம்பலாக இருந்து
நீலமானது,
செருப்பு ரப்பர் நீலம்.